நார்ப் இருமிய மத்தியானம்

வாயைத் துடைத்துவிட டெனீஸ் பஞ்சுக் குச்சியோடு குனிந்ததும், படுக்கையில் கிடந்த நார்பர்ட் ஸிமான்ஸ்கி இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கினார். ஒரு கையைக் குத்தாக நிறுத்தி, அதன் விரல்நுனிகளின் மேல் இன்னொரு கையைக் கூரைபோலப் படுக்க வைத்தார். தொண்டைக்குள் குழாய் இருந்ததால் பேச்சு இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக அப்படித்தான்.

“எனக்கு மறுபடியும் ஃபவுலா?” என்றாள் டெனீஸ். இருபது வருடமாக அதே ஐ.சி.யூ.வில் நர்ஸ். “வாயைத் துடைச்சதுக்கெல்லாமா ஃபவுல் குடுப்பாங்க? இன்னிக்கு என்னை ஆட்டத்தை விட்டே அனுப்பாம ஓயமாட்டீங்க போலிருக்கே.”

வாசலில் நின்ற டாக்டர் கார்லா ப்ரான்ட் சிரித்துவிட்டாள். அமெரிக்காவில் ஏரிக்கரையோர மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் முப்பது குளிர்காலம் கூடைப்பந்துக்கு நடுவராக இருந்தவர் நார்ப். இதய வால்வை மாற்றி நெஞ்சைத் தைத்த பிறகு நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, வென்டிலேட்டரை விட்டு இறங்க முடியாமல் போயிற்று. பேச்சு போனதும் கை தானாகப் பழைய வேலைக்குத் திரும்பிவிட்டது. அந்தச் சைகைகளுக்கு அவர் மனைவி ஆர்லீன்தான் எல்லாருக்கும் அர்த்தம் சொல்லிக்கொடுத்தாள். கையை விரித்து உயரத் தூக்கினால் கடிகாரத்தை நிறுத்து என்று பொருள். தூக்கிய கையை வெட்டுகிற மாதிரி இறக்கினால் ஆட்டம் தொடரட்டும். நெற்றியில் ஊசி போடப் போன ஒரு புதுப் பையனை அவர் கை தூக்கித் தடுத்ததாக மாடி முழுக்க ஒரு கதை உலவியது. நெற்றியில் யாரும் ஊசி போடுவதில்லை என்று தெரிந்தவர்களும் அதை ரசித்துக் கேட்டார்கள்.

ஆர்லீன் வாய் ஓயாமல் பேசுகிறவள். காலையில் பின்னல் பையோடு வந்து உட்கார்ந்தால், வாசல் பனியை யார் தள்ளினார்கள், வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு மாதாகோயிலில் எவ்வளவு கூட்டம், பக்கத்து வீட்டு நாய்க்குப் பல் பிடுங்கியது என்று தூங்குகிற கணவனிடம் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். டாக்டர்கள் அவரிடம் கேட்கிற கேள்விக்கும் பதில் அவளிடமிருந்துதான் வரும்.

“வலி இருக்கா, மிஸ்டர் ஸிமான்ஸ்கி?” என்று கார்லா ஒருமுறை கேட்டபோது, “இல்ல கண்ணு. வலிச்சா அவருக்கு மூக்கு நுனி செவந்துடும், பாரு, சாதாரணமாத்தான் இருக்கு” என்றாள். கார்லா மூக்கைப் பார்த்தாள். நார்ப் கண்ணை மேலே உருட்டினார்.

கார்லாவும் இந்த வார்டுக்குப் புதுசுதான், வயது நாற்பதை நெருங்கினாலும். ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராக நிலையான வேலை இருந்தது. போன கோடையில் அதை விட்டுவிட்டு, தீவிர சிகிச்சைக்கான ஒரு வருட ஃபெலோஷிப்பில் மாணவியாகச் சேர்ந்தாள். “பள்ளிக்கூடப் பையில சாப்பாடு வெச்சுட்டேன், சண்டை போடாம படிச்சுட்டு வா” என்று அவள் புருஷன் கென் முதல் நாள் காலையில் கிண்டல் செய்தான். பழைய இடத்துச் சிநேகிதிகள் கிண்டல்கூடச் செய்யவில்லை, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார்கள்.

பிரச்சினை ஒன்றுமில்லை. ஆப்பரேஷன் தியேட்டரில் அவள் ஆட்களைத் தூங்கவைத்தாள், எழுப்பினாள். எழுப்ப முடியாத அளவுக்கு மோசமானவர்களை ஐ.சி.யூ. வரை தள்ளிக்கொண்டு போய், நர்ஸிடம் விவரம் சொல்லி ஒப்படைத்துவிட்டு லிஃப்டில் இறங்கிவிடுவாள். அதற்கப்புறம் அவர்கள் என்ன ஆனார்கள் என்பது அவளுக்குத் தெரியவே வராது. ஒருமுறை, கூரையிலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரை அரைநாள் போராடிப் பிழைக்கவைத்துக் கொண்டுபோய் விட்டாள். இரண்டு நாள் கழித்து விசாரித்தபோது, “அந்த பெட்ல இப்ப வேற ஆள் இருக்காங்களே” என்று பதில் வந்தது. வீட்டுக்குப் போனாரா, வேறெங்காவது போனாரா என்று அந்த நேரத்துக்கு அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. பாதியில் கிழிந்த புத்தகத்தைக் கீழே வைத்த மாதிரி அந்த ஆள் அவள் மனதிலேயே இருந்தார்.

ஃபெலோஷிப்பின் ஆரம்ப மாதங்கள் லேசாக இல்லை. சிறுநீரகம், கிருமி, வயிற்றுக்குப் போகிற உணவு என்று மறந்துபோனதையெல்லாம் மறுபடி படிக்க வேண்டியிருந்தது. அதைவிட, குடும்பங்களிடம் பேச வேண்டியிருந்தது. தியேட்டருக்குள் யாருடைய மனைவியும் வந்து கையைப் பிடித்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவளை மிஞ்ச ஆளில்லை. மூச்சு திணறுகிற யாருக்கும், எவ்வளவு தடித்த கழுத்தானாலும், பத்து எண்ணுவதற்குள் தொண்டைக்குள் குழாயை இறக்கிவிடுவாள். மற்ற வார்டுகளிலிருந்தும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

நார்ப்பின் குழாயும் அவள் போட்டதுதான். ஒரு வாரத்துக்கு முன் எடுத்துப் பார்த்தார்கள், மாலைக்குள் அவர் களைத்துப்போனார், திரும்பப் போட வேண்டியதாயிற்று. அதனால், டெனீஸ் ஃபவுல் வாங்கிய நாளுக்கு மறுநாள் காலையில், மூச்சுவிடக் கழுத்தில் துளை போட்டுவிடுவது என்று அறுவை மருத்துவர் நேரம் குறித்திருந்தார்.

ஃபவுல் கொடுத்த அன்று காலையில் இயந்திரத்தின் உதவியைக் குறைத்துப் பார்த்தபோது நார்ப் சுமாராகத்தான் தேறினார். மூச்சு கொஞ்சம் வேகம், ஆனால் கண் தெளிவாக இருந்தது. கையைப் பிடிக்கச் சொன்னால் விரல் நோகப் பிடித்தார். வார்டின் பொறுப்பு டாக்டர் ஹாலன்பெக், எண்களை இரண்டு முறை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“எனக்குன்னா துளை போடறதுதான் சரின்னு படுது. ஏற்கெனவே ஒரு தடவை தோத்தாச்சு” என்றார். “நீ என்ன நினைக்கிற?”

“எடுத்துடலாம்னு நினைக்கிறேன்” என்றாள் கார்லா. “போன வாரம் அவர் பாதி மயக்கத்துல இருந்தார். இன்னிக்கு டெனீஸுக்கு ஃபவுல் குடுக்கிறார்.”

“அது நம்ம பட்டியல்ல இல்லாத பரிசோதனை.”

“தெரியும் சார்.”

“சரி. அவங்களைக் கேளு. அவங்க சரின்னா எடு. நான் பக்கத்துலதான் இருப்பேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இருவரிடமும் சொன்னாள். குழாயை எடுத்தால் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். நிற்காவிட்டால் திரும்பப் போடுவது போன தடவையைவிட உடம்பை வாட்டும். துளை போட்டால் நிதானமாகத் தேறலாம், ஆனால் வீடு போக மாதக்கணக்காகும், பேச்சு வரவும் நாளாகும். ஆர்லீன் பின்னலை மடியில் வைத்தாள். அவள் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“இதை நான் சொல்ல மாட்டேன்” என்றாள் ஆர்லீன். “நார்ப், நீயே சொல்லு.”

நார்ப் குழாயை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு கட்டைவிரலை நிமிர்த்தித் தோளுக்குப் பின்னால் வீசிக் காட்டினார்.

“அது பேஸ்பால்ல ‘வெளியே போ’ன்னு காட்டற சைகை” என்றாள் ஆர்லீன். “அந்த ஆட்டத்துக்கு இவர் ஒருநாளும் நடுவரா இருந்ததே கிடையாது.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் குழாயை எடுத்தார்கள். சுவாச இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மார்கஸ் உறிஞ்சுக் குழலோடு ஒரு பக்கம் நின்றான். டெனீஸ் ஒட்டுகளைப் பிரித்தாள். குழாய் வெளியே வந்ததும் நார்ப் ஓங்கரித்து, கண்ணில் நீர் முட்ட, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடினார். மூக்கில் வேகமான ஆக்சிஜனை வைத்தார்கள். ஆர்லீன் காப்பி குடிக்கப் போனாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாக இல்லாமல் போயிற்று. மூச்சு குறுகி வேகமாயிற்று. கழுத்தின் நரம்புகள் கயிறுபோல் எழும்பின. நெஞ்சுக்குள் கொழகொழவென்று ஒரு சத்தம், சட்டியில் கெட்டிக் கஞ்சி கொதிக்கிற மாதிரி. மானிட்டரில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வந்தது. மார்கஸ் தட்டை இழுத்துவந்து குழாய், தொண்டைக்குள் பார்க்கிற விளக்கு, மருந்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்தான்.

கார்லாவின் கை தானாக அந்த விளக்கை எடுத்துக்கொண்டது. அதன் கைப்பிடி அவள் உள்ளங்கைக்குப் பழகிய கனம். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். சத்தம் நிற்கும், எண்கள் ஏறும், எல்லாருக்கும் மூச்சு வரும், அவளைத் தவறு சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

வாசலில் ஹாலன்பெக் வந்து நின்றிருந்தார். “நானா இருந்தா இந்நேரம் போட்டிருப்பேன்” என்றார். கோபமாக இல்லை. மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார்.

கார்லா நார்ப்பின் முகத்தருகே குனிந்தாள். பயந்த கண்கள், ஆனால் மங்கிய கண்கள் அல்ல. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நெஞ்சு தளர்ந்துவிடவில்லை, சளியால் அடைத்திருந்தது. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த இரண்டு வாரமும் அவரைத் தினம் பார்த்துப் பார்த்துத்தான் அவள் அறிந்திருந்தாள்.

“நார்ப், குழாயைத் திரும்பப் போடட்டுமா?”

அவர் கையை உயர்த்தினார். விரிந்த உள்ளங்கை அப்படியே நின்றது. மார்கஸ் மருந்து ஊசியை எடுத்தான். “கடிகாரத்தை நிறுத்தச் சொல்றார், டாக்டர். போட்டுடலாம்.”

“இரு” என்றாள் கார்லா.

கை நின்றுகொண்டே இருந்தது. பிறகு, தூக்கிவைத்திருக்க முடியாத களைப்பினால் அல்ல, அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, காற்றை வெட்டிக்கொண்டு விறைப்பாகக் கீழே இறங்கியது. ஆட்டம் தொடரட்டும்.

அவள் விளக்கைத் தட்டில் வைத்தாள். “இவரை நிமிர்த்தி உக்கார வைங்க. டெனீஸ், அந்தத் தலையணையைக் குடு. ஆர்லீனைக் கூட்டிட்டு வாங்க.”

“இப்பவா?” என்றாள் டெனீஸ். இந்த மாதிரி நேரத்தில் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவதுதான் வழக்கம்.

“இப்பத்தான்.”

நெஞ்சைத் தைத்தவர்கள் இருமும்போது கட்டிக்கொள்கிற சிவப்புத் தலையணையை அவர் மார்போடு அணைத்து, கார்லா கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவர் முதுகைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் ஆர்லீன் ஓடிவந்தாள். கணவனின் நிறத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“அவர் இருமணும்” என்றாள் கார்லா. “நாங்க சொன்னா பலமா வரலை. நீங்க சொல்லுங்க.”

ஆர்லீன் கோப்பையைக் கீழே வைத்தாள். “நார்பர்ட் ஸிமான்ஸ்கி” என்றாள், மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில். “கல்யாணமானதிலேர்ந்து மாதாகோயில்ல, பூசை நடுவுல, எல்லாரும் திரும்பிப் பாக்கிற மாதிரி இருமி என் மானத்தை வாங்கினியே, அந்த இருமல் எங்க? இரும வேண்டாம்னு கெஞ்சினப்பல்லாம் இருமினியே. இப்ப இருமு. இருமுய்யா.”

அவர் இருமினார். முதல் இருமல் ஒன்றுமில்லை. இரண்டாவதில் உடம்பு முழுவதும் குலுங்கியது, கார்லாவின் தோள் எலும்பில் அவர் முதுகெலும்பு இடித்தது. “இன்னொண்ணு” என்றாள் ஆர்லீன். அடுத்ததில் அடியாழத்திலிருந்து ஏதோ பெயர்ந்து வந்தது. மார்கஸ் தயாராக இருந்தான். உறிஞ்சுக் குழலில் பழுப்பாக, கெட்டியாக, கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கட்டி ஏறி மறைந்தது.

அதற்கப்புறமும் சட்டென்று ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்து, எடுத்து, மறுபடி இருமவைத்து, மறுபடி மாஸ்க் வைத்து என்று அந்த மத்தியானம் நகர்ந்தது. ஆனால் கழுத்து நரம்புகள் ஒவ்வொன்றாக உள்ளே அமிழ்ந்தன. கஞ்சி கொதிக்கிற சத்தம் அடங்கியது. ஹாலன்பெக் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தபோது ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரித்துக்கொண்டே மானிட்டரைப் பார்த்தார், கார்லாவைப் பார்த்தார், ஒரு சுளையை அவளிடம் நீட்டினார். அறுவை மருத்துவருக்குத் தானே போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்க்கை எடுத்த ஒரு இடைவேளையில் நார்ப் ஆர்லீனை அருகே அழைத்தார். அவள் காதைக் கொண்டுபோனாள். ஆனாலும் அறையில் எல்லோருக்கும் கேட்டது. தேய்ந்த தகரம்போல இருந்தது அவர் குரல்.

“எல்லாம் கேட்டுது” என்றார்.

“என்னய்யா கேட்டுது?”

“கராஜ் கதவை... நீ காரால இடிச்சது.”

ஆர்லீனின் முகம் கழுத்து வரைக்கும் சிவந்தது. “நீ தூங்கறேன்னுல்ல நெனச்சேன்” என்றாள். டெனீஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள், அவள் தோள்கள் குலுங்கின. ஆர்லீன் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி அவர் கையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். “சின்னக் கீறல்தான்” என்றாள். “பெயின்ட் அடிச்சா தெரியாது.”

நார்ப் அவளையே பார்த்தார். அதற்கு மேல் விசாரணை நடத்த மூச்சில்லை, விருப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு, கையெழுத்துகளை முடித்துவிட்டு கார்லா திரும்பி வந்தாள். தோளில் அவர் முதுகு இடித்த இடம் வலித்தது. அந்த வலியை அவள் தடவிவிடவில்லை. பசித்தது. வீட்டில் கென் சூப் வைத்திருப்பான், இன்று என்ன படித்தாய் என்று கேட்பான். இருமலைப் பற்றிச் சொல்லலாம்.

ஜன்னலுக்கு வெளியே ஏரிப்பக்கத்து வானம் சாம்பல் வெள்ளையாக இருந்தது. நார்ப் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் மருந்து கொடுத்து வரவழைக்காத தூக்கம். குறட்டை ஏறி, ஒரு கணம் நின்று, சலித்துக்கொண்டு மறுபடி கிளம்பியது. நின்ற கணத்தில் கார்லா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். ஆர்லீன் ஷூக்களைக் கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறை போட்ட பாதங்களைக் கட்டில் கம்பியில் நீட்டி, அவளும் தூங்கிப்போயிருந்தாள். முதல் தடவையாக அந்த அறையில் அவள் பேசாமல் இருந்தாள்.

மார்கஸ் வென்டிலேட்டரின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். “இதை ஸ்டோருக்குக் கொண்டுபோயிடவா?” என்று உதட்டசைவில் கேட்டான்.

அவள் நார்ப்பைப் பார்த்தாள். குறட்டையைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

“ரொம்ப தூரம் வேணாம்” என்றாள்.

அதன் சக்கரம் ஒன்று கிறீச்சிடும். அதனால் அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலோடு நகர்த்துகிறவர்கள்போல இயந்திரத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, பக்கவாட்டில் அடி மேல் அடி வைத்து, வாசலைத் தாண்டி வெளியே கொண்டுவந்தார்கள்.