பதினோராவது நிமிடம்

வானிலை நிலையத்தில் தினமும் காலையில் பலூனில் வாயு நிரப்பி வானத்தில் விடுவதுதான் என் உத்தியோகம். பலூனின் அடியில் தொங்கும் சின்னப் பெட்டி, ஏறிய உயரத்தை நிமிடத்துக்கு ஒரு முறை கீழே அனுப்பும். அதைப் படிவத்தில் கையால் எழுத வேண்டும். நிமிடத்துக்கு முன்னூறு மீட்டர் ஏற வேண்டும் என்பது கணக்கு. எங்கள் பலூனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் பதினோராவது நிமிடத்தில் திணறி நிற்கும். பிறகு விட்டதைப் பிடிப்பதுபோல விறுவிறுவென்று ஏறும்.

எங்கள் மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு. டீக்குச் சர்க்கரையைக்கூட எடை போட்டுத்தான் போடுவார். கோணல்மாணலான எண்களைப் பார்த்தால் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும்.

"வாயுவ ஒழுங்கா நிரப்பல. அரட்டை அடிச்சுக்கிட்டே வேலை பாத்தா இப்படித்தான்."

எத்தனை நாள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வது? ஒரு நாள் பதினோராவது நிமிடத்துக்கும் முன்னூறு என்றே எழுதினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ருசி பிடித்துவிட்டது. நான்கு மாதம் எல்லாவற்றையும் நேராக்கியே எழுதினேன்.

என் நாத்தனார் விமானி. மருந்தும் தபாலும் ஏற்றிய சிறு விமானத்தை, ஊருக்கு மேற்கே பல மைல் அகன்று கிடக்கும் பெரிய பள்ளத்தைத் தாண்டி ஓட்டுகிறாள். கிளம்பும் முன் எனக்குப் போன் செய்வாள். "அண்ணி, மேல காத்து எப்படி?" நானும் என் படிவத்தைப் பார்த்து, "ஒரு தொந்தரவும் இல்ல, தைரியமா போ" என்பேன்.

போன வாரம் நெற்றியில் புடைப்போடு வீட்டுக்கு வந்தாள்.

"எதுல போய் முட்டிக்கிட்ட?" என்று என் கணவர் பதறினார்.

"ஆகாயத்துல எதுலண்ணா முட்டுறது? காத்துதான். பள்ளம் தாண்டுறப்போ லிஃப்ட் அறுந்த மாதிரி விமானம் இறங்கிச்சு, கூரையில இடிச்சுக்கிட்டேன். அப்புறம் அப்படியே தூக்கிச்சு. அங்க ஒரு மேகம் வேற, அத்தனை காத்துலயும் நகராம நிக்குது." என் பக்கம் திரும்பினாள். "உங்க பலூன்ல ஒண்ணும் தெரியலையா அண்ணி?"

"தெரியலையே" என்றேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் வாய்க்காலருகே நின்றுவிட்டேன். அடியில் ஒரு குழி. அதில் இறங்கி ஏறிய தண்ணீர், குழிக்கு அப்பாலும் மேலே அலை அலையாக மடிந்திருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அலை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

நேராகத் தராசிடம் போனேன். "சார், காத்து பள்ளத்துல இறங்கி ஏறுது. அந்த ஆட்டம் மேல வரைக்கும் போகுது. பலூன் அதுலதான் மாட்டுது."

"மலை இருந்தா காத்துல அலை வரும். இங்க மலை எங்கம்மா? இருக்கறது பள்ளம்."

"பள்ளமும் காத்த வளைக்குதே சார். இன்னைக்கும் மேற்குக் காத்துதான், வேணும்னா நீங்களே நிரப்புங்க."

அவரே நிரப்பினார். இரண்டு முறை எடை பார்த்தார். இருவரும் திரையின் முன் உட்கார்ந்தோம். பத்து நிமிடம் வரை எண்கள் ஒழுங்காக வந்தன. பதினோராவது நிமிடத்தில் தொண்ணூறு மீட்டர்தான். பன்னிரண்டில் நூற்றுப்பத்து. பதினான்கில் ஐந்நூறு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாயு சரியாத்தான் இருந்துச்சு" என்றார், தனக்குத்தானே. பிறகு, "அப்ப நாலு மாசமா ஏன் இது வரல?"

"வந்துச்சு சார். நான்தான் நேராக்கி எழுதினேன். திட்டு வாங்கி முடியல."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போது போன் அடித்தது.

"அண்ணி, மேல காத்து எப்படி?"

பள்ளத்துக்கு மேலே அலை இருப்பதைச் சொன்னேன். "நாலு மாசமாவே இருந்திருக்கு. எனக்குத் தெரியும். நான்தான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் வரைபடத்தைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"எந்த உயரத்துல அண்ணி?"

"மூவாயிரத்துலேருந்து ஆரம்பிக்குது."

"சரி. நான் சுத்திக்கிட்டு போறேன்."

அதன்பின் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் பழையபடி சிரிக்கிறாள், என்னைக் கிண்டல் செய்கிறாள். தினமும் காலையில் போன் செய்கிறாள். இப்போது மட்டும் இப்படிக் கேட்கிறாள்:

"மேல காத்து எப்படி அண்ணி? உள்ளத சொல்லுங்க."