கவர்மெண்டுக்காரியின் பிள்ளை

ஷஹாபுதீன் என்ற அந்த ஆபிசர் மாநிலத் தலைநகர் குவாந்தானிலிருந்து வந்திருந்தார். அரசாங்க ஊழியர்களின் குடும்பக் கஷ்டங்களைக் கேட்டு வழி சொல்வது அவருடைய உத்தியோகம். அப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே எண்பத்து மூன்றாம் வருஷத்தில் இந்தத் தேயிலை மலைமேல் பலருக்குத் தெரியாது. தாப்பா மலைப்பாதையின் வளைவுகள் மனிதரின் வயிற்றைப் புரட்டிவிட்டிருந்தன. ஆறுதல் சொல்ல வந்தவருக்கே முதலில் இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. போட்டுக் கொடுத்தவள் பாஞ்சாலை. ஆறுதல் வாங்கிக்கொள்ள வேண்டியவளும் அவளேதான்.

பாஞ்சாலை டவுன் கிளினிக்கில் அட்டெண்டன்ட். அவள்மேல் இருந்த புகார், வேலைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்பது. நாத்தனார் பார்த்துக்கொண்டவரை தொல்லை இல்லை. நாத்தனார் கல்யாணமாகி லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்ட பிறகு, பாஞ்சாலை தன் மகள் ரஞ்சிதத்தைக் கிளினிக்கின் துணிக்கூடைக்குள் உட்காரவைத்துவிட்டுத் தரை துடைத்தாள். போன வாரம் ரஞ்சிதம் கூடையிலிருந்து இறங்கித் தவழ்ந்து போய், டாக்டரிடம் சட்டையைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதரின் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். நர்ஸுகளுக்குத் தலைவியான பெரிய மிஸ்ஸி அன்றைக்கே மேலிடத்துக்குச் சொல்லிவிட்டாள். இன்னொரு முறை பிள்ளை வந்தால் பாஞ்சாலைக்கு ரொம்பினுக்கு மாற்றல். கடலோரத்து ரொம்பின் எங்கே, இந்த மலை எங்கே. போனால் குடும்பம் இரண்டாகும், போகாவிட்டால் வேலை போகும்.

"வீட்டுக்காரர் குடிப்பாராம்மா?" என்று ஷஹாபுதீன் ஆரம்பித்தார்.

"இல்ல சார்."

"கை நீட்டுவாரா?"

"அந்த மனுஷனா? கோழிய வெரட்டவே யோசிப்பாரு."

"மாமியாரோட ஏதாவது..."

"செத்துப் போயிட்டாங்க சார்."

கேள்விகள் இத்தனை சீக்கிரம் தீர்ந்துபோனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். புத்திமதிக்குத் தாவினார். இன்னும் கொஞ்சம் முன்னதாக எழுந்திருக்கலாம். வேலைகளைப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். வீட்டை வீட்டோடு விட்டுவிட்டு வேலைக்கு வரப் பழக வேண்டும்.

பாஞ்சாலைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வீட்டோட விட்டுட்டு வரச் சொல்றீங்க. வீடு இந்தா, என் மடியில உக்காந்து உங்க பேனாவக் கடிச்சிக்கிட்டிருக்கு. எங்க விட்டுட்டு வரட்டும்?"

நல்ல மனிதர் அவர். கோபித்துக்கொள்ளவில்லை, பேனாவைத் திருப்பிக் கேட்கவுமில்லை. "சரிம்மா. எங்கதான் விட முடியும், எங்க முடியாது, நீங்களே சொல்லுங்க. நான் கேக்குறேன்" என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இதுவரை அவளிடம் எல்லோரும் சொன்னார்கள். யாரும் கேட்டதில்லை. பாஞ்சாலை கொட்டித் தீர்த்தாள். அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பிள்ளைகளை அங்கே தூளியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அவள் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

"நான் கவர்மெண்டு ஆளு சார். விடியக்காலையில பெரட்டுக்களத்துல ஆளுங்கள நிக்க வச்சு பேரு கூப்புடுவாங்க. அந்தப் பேரு உள்ளவங்க புள்ளைக்குத்தான் கொட்டகை. எங்க வீட்டுல பெரட்டுல பேரு உள்ள ஒரே ஆளு..."

பேச்சு அப்படியே நின்றது. அவள் புருஷன் சாம்பசிவம் கவ்வாத்து வெட்டுகிறவன், முற்றிய தேயிலைச் செடிகளைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலை. அவன் பேரைத் தினமும் காலையில் கூப்பிடுகிறார்கள். பிள்ளை என்றால் ஆத்தாள் கணக்கு என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நினைத்தார், ஆயா நினைத்தாள், லைன் குடியிருப்பு மொத்தமும் நினைத்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் ஷஹாபுதீன்.

"போதும் சார்" என்று பிள்ளையின் வாயிலிருந்து பேனாவைப் பிடுங்கி, முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "நீங்க நல்லா இருக்கணும்."

சாம்பசிவம் நல்லவன்தான். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவன். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னதும் சோற்றுக் கை நின்றுவிட்டது.

"ஆம்பள எவன் கொட்டகைக்குப் புள்ளையத் தூக்கிட்டுப் போறான்? சிரிப்பானுங்க லா."

"சிரிக்கட்டும்."

"கிராணி ஒத்துக்க மாட்டாரு."

"கேட்டீங்களா அவர?"

"நீ வேணும்னா கொஞ்ச நாளைக்கு வேலைய..."

"அந்தப் பேச்சே வேணாம்" என்றாள் பாஞ்சாலை. "நான் படிச்சு, பரீட்சை எழுதி வாங்குன வேலை. இந்த லைன்ல எவளுக்குக் கெடைச்சிருக்கு? திங்கக்கிழமை பெரட்டுக்களத்துல புள்ளைய உங்க கையில குடுப்பேன். கீழ வைக்கிறதா இருந்தா வச்சுக்குங்க. நான் திரும்பிப் பாக்க மாட்டேன்."

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். திங்கட்கிழமைவரை அவளுக்கு முகங்கொடுக்கவில்லை. அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளுக்குள் மட்டும் பயந்து செத்தாள்.

திங்கட்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. கிராணி சிவசாமி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த களத்துக்குள், வெள்ளைச் சீருடையும் இடுப்பில் பிள்ளையுமாகப் பாஞ்சாலை நடந்து வந்தாள். அந்த உடுப்போடு அங்கே யாரும் கால் வைத்ததில்லை. நேராகக் கவ்வாத்து ஆட்கள் வரிசைக்குப் போனாள். சாம்பசிவத்தின் ஒரு கையில் கத்தி இருந்தது. மறு கையில் பிள்ளையை வைத்தாள்.

"என்னம்மா இது கூத்து?" என்றார் சிவசாமி.

"புள்ள கொட்டகைக்குப் போவுது, ஐயா."

"நீ கவர்மெண்டு ஆளு."

"நான் கவர்மெண்டு. புள்ளையோட அப்பன் எஸ்டேட்டு."

"அப்பன் பேருல புள்ளைய விடுற பழக்கம் இங்க இல்ல."

"இன்னிக்கு ஆரம்பிச்சுக்குங்க."

பின்வரிசையில் எவனோ சிரித்தான். சிரிப்பு ஆளுக்கு ஆள் தொற்றியது. "சாம்பசிவம், பால் குடுப்பியா?" என்று ஒரு குரல் வந்தது. சாம்பசிவத்தின் முகம் கறுத்துச் சிறுத்தது. பாஞ்சாலை அதைப் பார்த்தாள். கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாங்கினால் இந்த ஜன்மத்தில் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதும் தெரிந்தது. கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கிராணி சாம்பசிவத்தின் பக்கம் திரும்பினார். "என்னப்பா, இதுல உனக்குச் சம்மதமா? இல்லேன்னா புள்ளைய அவகிட்டயே குடுத்துடு. டவுன் லோரி நிக்குது, அவ போகணும்."

ரஞ்சிதம் அப்பன் தலைத்துண்டை உருவிக்கொண்டிருந்தாள். சாம்பசிவம் பிள்ளையைப் பார்த்தான், சிரித்தவர்களைப் பார்த்தான், கத்தியைக் கிராணியின் காலடியில் மெதுவாக வைத்தான்.

"கொட்டகையில சேக்கலேன்னா நான் வீட்டுல இருந்து புள்ளையப் பாத்துக்கிறேங்க. கவ்வாத்துக்கு வேற ஆள் பாத்துக்குங்க."

கவ்வாத்து மும்முரமான மாசம் அது. ஆள் போதவில்லை என்று தோட்டத்து மேனேஜர் துரை நச்சரித்துக்கொண்டிருந்தார். சிவசாமி பேர்ப் புத்தகத்தைப் புரட்டினார். "ஆயா சேத்துக்கிட்டா எனக்கென்ன" என்று அடுத்த பேரைக் கூப்பிட்டார். சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

கொட்டகை லோரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாம்பசிவம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கொழுந்துக்கூடைகளோடு நின்ற பெண்களின் நடுவே நடந்து போனான். வாசலில் ஆயா மணியம்மா மறித்தாள்.

"இவ ஆத்தா பேரு இங்க இல்லியே, தம்பி. புள்ள அழுதா நான் யாரைப் போயி கூப்புடுறது?"

"என்னைக் கூப்புடுங்க" என்றான் சாம்பசிவம். களம் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். "மேல மலையில இருப்பேன், எறங்கி வரேன். அவளத் தேடாதீங்க. அவ வேலைக்குப் போயிட்டா."

பாஞ்சாலை லோரியில் ஏறி, போகலாம் என்று டிரைவரிடம் சொன்னாள்.