சாட்சிக்கு வந்த கார்

பந்தயம் முடிந்து வெகுநேரமாகியும் அவளுக்குள் கார் நிற்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியாயிற்று, கையுறையைக் கழற்றியாயிற்று, யார் யாரோ வந்து கைகுலுக்கிவிட்டும் போனார்கள். காதுக்குள் இன்ஜின் மட்டும் இரைந்துகொண்டே இருந்தது. தூறலில் நனைந்த பந்தயப் பாதையிலிருந்து ஆவி எழுந்தது. அதில் பார்வையாளர் மேடை பாதி கரைந்துபோய், மீதி மிதந்துகொண்டிருந்தது. அந்த மீதியில், ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் எலுமிச்சம்பழமுமாக அவளுடைய மாமியார் நின்றாள்.

மாமியார் பந்தயம் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. காரில் ஏறினாலே குடலைப் புரட்டும் அவளுக்கு. பெற்ற மகள் வீடு மலைமேல், வழியெல்லாம் வளைவு. பேரப்பிள்ளைகளைப் போட்டோவில் பார்த்தே காலத்தை ஓட்டினாள். போன மாதம் திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. மருமகள் ஓட்ட, மலை ஏறி இறங்கியும் வாந்தி எட்டிப் பார்க்கவில்லை. "எல்லாம் எலுமிச்சம்பழத்தோட மகிமை" என்று தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொன்னாள்.

மகிமை பழத்தில் இல்லை. அத்தையின் காரை ஷெட்டில் ஏற்றி, ஸ்பிரிங்குகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றை வெட்டி மாட்டியவள் மருமகள். கார் கொஞ்சம் தாழ்ந்தது, வளைவில் ஆடுவது நின்றது. பேரனைத் தூக்கிக்கொண்டு அத்தை சிரித்த சிரிப்பைப் பார்த்த குஷியில், அதே வாரம் தன் பந்தயக் காருக்கும் அதையே செய்தாள். அங்கேதான் புத்தி கெட்டது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். கடையில் விற்கிற கார் எப்படியோ, பந்தயத்தில் ஓடுகிற காரும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இந்தப் பந்தயத்தின் உயிரான விதி. ஒரு சுற்றுதானே, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

குனிந்து பார்ப்பதற்கென்றே பிறந்த ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைச் சட்டப்புலி என்பார்கள். சக்கரத்தின் மேல்தகடு விரல் அகலம் கூடியதால் பட்டம் இழந்தவன், டேங்கில் கூடுதலாக அடைக்கப் பெட்ரோலைக் குளிரவைத்து மாட்டிக்கொண்டவன் என்று பழைய தகராறுகளை எல்லாம் பாட்டுப்போல ஒப்பிப்பார். அன்றைக்கு அவர் அவளுக்கு அடுத்து இரண்டாவதாக வந்திருந்தார். அதுவும் வருடத்தின் கடைசிப் பந்தயம். ஜெயித்தவருக்கே அந்த ஆண்டின் பட்டம். அவளோ பட்டத்தின் வாசல்வரை வந்து வந்து திரும்பியவள். இந்தத் தடவையும் கைநழுவினால் தாங்கமாட்டாள்.

"பின்பக்கம் தரையைத் தேய்க்குது. இது கடைக் காரே இல்ல" என்றார் சட்டப்புலி.

சோதனை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "எதுக்கு வாய்ச்சண்டை? பக்கத்துல ஒரு சாதாரணக் காரை நிறுத்திப் பார்த்துடலாம். இதே மாடல் யாராவது வெச்சிருக்கீங்களா?"

"எங்கிட்ட இருக்கு! காலையில நாங்க வந்த காரை எடுத்துக்கோங்க!" மேடையிலிருந்து எலுமிச்சம்பழம் ஆடியது.

தகரக் கொட்டகைக்குள் இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்று சிவப்பு, உடம்பெல்லாம் சிராய்ப்பு. மற்றது பால் வெள்ளை, பின்சீட்டில் பேரனின் ஒற்றைச் செருப்பு. பனிமூட்டம் கதவு வழியே நுழைந்து இரண்டின் அடியிலும் படர, அவை தரையிலேயே இல்லாததுபோல் அவளுக்குத் தோன்றியது. அதிகாரி முட்டிபோட்டு அளந்தார். வெள்ளைக் காரை அளந்தார், திரும்பவும் சிவப்பை அளந்தார்.

"மயிரிழை வித்தியாசம் இல்ல. புகார் செல்லாது."

அவளுக்குச் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. கனவில் தப்புச் செய்து கனவிலேயே தப்பித்துக்கொண்டதுபோல் இருந்தது.

சட்டப்புலி விடுவாரா? "அந்த வெள்ளைக் காரு மட்டும் வாங்கினபடியே இருக்கா?"

அதிகாரி மாமியாரிடம் திரும்பினார். "அம்மா, இந்தக் கார்ல எதையாவது மாத்தியிருக்கீங்களா? உங்க வார்த்தை போதும்."

யாரிடம் கேட்டார் பாருங்கள். மகனுக்கு அரை டிக்கெட் வயது தாண்டிய மறுநாளே கண்டக்டரைக் கூப்பிட்டு முழு டிக்கெட் கேட்டு வாங்கியவளிடம். அவள் குடையை மடக்கிவைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"ஒரு ஆணிகூட மாத்தலைங்க. என் பேரப்பிள்ளைங்க மேல—"

"அத்தை, சொல்லாதீங்க."

காதுக்குள் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அப்போதுதான் நின்றது. தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது. இரண்டு கார்களிலும் ஸ்பிரிங்கை வெட்டியது தான்தான் என்று அவள் சொன்னாள். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. கோப்பை சட்டப்புலியின் கைக்குப் போனது. அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் அந்த மனிதர் சற்று நேரம் தடுமாறினார்.

திரும்பி வரும்போது சாலையே தெரியாத அளவு மூட்டம். விளக்கு வெளிச்சத்தில் மரங்கள் வந்து வந்து மறைந்தன. அத்தை எலுமிச்சம்பழத்தை மடியில் உருட்டிக்கொண்டே வந்தாள். வெகுதூரம் வந்தபிறகு மடியைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்போ இந்த எலுமிச்சம்பழம்?"

"சும்மாதான் அத்தை."

"அடிப்பாவி. தெருவையே வாங்க வெச்சேனே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மருமகள் அழுதுகொண்டே ஓட்டினாள். அத்தை தன் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள், சாலையை மறைத்துவிடாமல் ஓரமாக.

"ரேஸ் காரை நாளைக்கே பழையபடி ஆக்கிடு. எங்காரைத் தொட்டே, தெரியும் சேதி."

பாதை பிரியும் இடம் வந்தது. ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் மலை. அத்தை கண்ணாடியை இறக்கி எலுமிச்சம்பழத்தை வெளியே எறிந்தாள்.

"மலைப்பக்கம் திருப்பு. அந்த மேடையில நின்னு நீ ஓட்டினது எனக்கு ஒண்ணுமே தெரியல. கொஞ்சம் வேகமாவே போ."