ஆரத்தித் தட்டும் ஒரு நாற்காலியும்

மூன்று வருடம் பிரெஞ்சு படித்துவிட்டு நான் முதன்முதலாகப் பார்த்த பெரிய வேலை, ஆரத்தித் தட்டு பிடித்தது.

வேலைப் பயிற்சி என்று கல்லூரியில் என்னை விராலிமலைப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஹெச்.ஆர். வசந்தகுமார் சார் கையெழுத்துப் போட்டால்தான் நான் பிரான்சில் ஆறு மாதம் படிக்கப் போக முடியும். அதற்காகவே ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்தேன். கோபம் வந்தால் எனக்கு மூக்கு மட்டும்தான் சிவக்கும். ஆபீசில் ஜலதோஷம் என்று நினைத்து விக்ஸ் கொடுத்தார்கள்.

பிரான்சிலிருந்து ஆர்டர் கொடுக்க ஒரு அம்மாளும் அவர் கூட இன்னொருவரும் வந்த அன்று, "சார், நான் பேசட்டுங்களா?" என்றேன்.

"நீ பட்டுச்சேலையில தட்டோட நின்னாப் போதும் பிரகதீஸ்வரி. பேசறதுக்கு எம்.டி.யோட தங்கச்சி மகன் இருக்காப்ல."

தங்கச்சி மகனுக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்' மட்டும். மற்றதெல்லாம் இங்கிலீஷ். போட்டோவுக்காக நானும் தட்டோடு பின்னாலேயே போனேன், கோவிலுக்கு வழி தவறியவள் மாதிரி.

பேக்கிங் பிரிவில் அந்த அம்மாள், பெல்ட் அருகே நின்ற ராக்காயி அக்காவிடம் வேலை எப்படி என்று கேட்டார். தங்கச்சி மகன் தமிழில் கேட்டான்.

"வேலைக்கென்னங்க. நின்னு நின்னு காலுதான் வீங்கிப்போவுது. ஒக்கார ஒரு ஸ்டூல் குடுக்கச் சொல்லுங்க" என்று அக்கா காலைக் காட்டினார்.

"ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம்" என்று இங்கிலீஷில் சொன்னான் அவன்.

அம்மாள் கூட வந்தவரிடம் பிரெஞ்சில் முணுமுணுத்தார்: "சந்தோஷத்துக்கு எதற்குக் காலைக் காட்டுகிறாள்?"

"உட்கார ஸ்டூல் கேட்கிறார்" என்றேன் பிரெஞ்சில். எங்கள் ஷர்லி மிஸ் அந்த உச்சரிப்பைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் அம்மாளுக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியை வரவழைத்தார். அக்காவை உட்காரவைத்து போட்டோவும் எடுத்தார்கள்.

விருந்தாளிகளின் கார் கேட்டைத் தாண்டியதும் வசந்தகுமார் சார் நேரே வந்தார்.

"ஒன்னைய யாரு பேசச் சொன்னது?"

"பேசத்தான சார் படிச்சேன்."

"வாயி! கையெழுத்து வேணும்னா நீயே இந்தச் சேரைக் கொண்டுபோய் கேட்டுல போடு."

அதற்குள் அக்கா எழுந்துவிட்டார். "எடுத்துட்டுப் போத்தா. நீ வெளிநாடு போற புள்ள. எனக்கு நின்னு பழக்கந்தான்."

அதுவரை எனக்காகத்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். பழக்கமாம்! யார் பழக்கியது? தட்டை வசந்தகுமார் சாரின் கையில் திணித்தேன். ஆரத்தித் தண்ணீர் அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. தெரியாமல் கொட்டிவிட்டது என்று சொல்ல ஆசைதான்.

"ஒக்காருங்கக்கா" என்று நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பிரான்ஸு போச்சு. தெரியுதா?"

"தெரியுது சார்."

ஆனாலும் பிடியை விடவில்லை. அவர் சட்டையைத் துடைத்தபடி போனார். அக்கா நுனியில் உட்கார்ந்து, பெல்ட்டில் வந்த பாக்கெட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

"விடுத்தா, நான் ஒண்ணும் விழுந்துற மாட்டேன்."

"நீங்க விழ மாட்டீங்கக்கா. இவங்க சேரை உருவிருவாங்க."