பராமரிப்புக் கிளையில் பிரசவம் கிடையாது

எங்கள் கம்பெனியில் ஒரு மென்பொருளை வெளியிட்டுக் கிளை பிரிக்கும்போது, அதில் வேலை செய்தவர்களையும் சேர்த்தே பிரித்துவிடுவார்கள். ஒரு பிரதி மேல்தளத்துக்குப் போய் அடுத்த பதிப்பை எழுதும். இன்னொரு பிரதி கீழேயே தங்கி, வெளியான பதிப்பில் வரும் பிழைகளை மட்டும் திருத்திக்கொண்டிருக்கும். நான் கீழே தங்கியவன். மேலே போன என் பிரதிக்கும் ரகுபதி என்றுதான் பேர், அவருக்கு இப்போது தனி அறை, கொஞ்சம் தொப்பை, மூக்குக் கண்ணாடி. நான் அவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

எங்கள் கிளையின் பெயர் 4.2-பராமரிப்பு. பெயர் வைப்பது ஜோஸ்பின் மேடத்தின் பொறுப்பு. பராமரிப்புக் கிளைக்கு எண் போதும், வாயில் நுழைகிற மாதிரி பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், பிறகு மூட மனசு வராது என்பது அவர் கட்சி. அவர் சேர்வதற்கு முன்னால் யாரோ ஒரு கிளைக்கு அன்பகம் என்று பேர் வைத்துவிட்டார்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் போன பிறகும் மூட ஒருவருக்கும் கை வரவில்லை. தரைத்தளத்தில் அங்கே இன்னும் விளக்கு எரிகிறது. வாட்ச்மேன் காலையில் கதவோரம் டீ வைத்துவிட்டு வருவார்.

கிளை பிரித்த அன்று என் மனைவி சுகுணாவுக்கு ஏழாம் மாதம். அவளும் இதே கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தாள், ஆகவே அவளும் பிரிந்தாள். எங்களைச் சார்ந்ததெல்லாம் கூடவே வந்தது. நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு நான்காம் தளத்தின் கோடியில், ஜெராக்ஸ் எந்திரத்தைத் தாண்டி இருக்கிறது. மேலே போன சுகுணாவுக்கு நாள் கணக்குப்படி பெண் குழந்தை பிறந்தது. மகிழினி என்று பேர் வைத்தார்கள். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் சுகுணாவுக்கு இன்னும் ஏழாம் மாதம்தான். பராமரிப்புக் கிளையில் இருப்பதைத் திருத்தலாம், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. குழந்தை புதிது.

ஆறு வருடமாக அவள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கிறாள். கால் வீங்கினால் வெந்நீர் ஊற்றுவேன். குழந்தை உதைக்கும். அது வெளியீட்டிலேயே இருந்ததால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் எப்போதாவது உடையும், அதே நிறத்தில் வேறொன்று வாங்கிப் போட்டுவிடுவேன். அது திருத்தம், செய்யலாம்.

4.2-ஐப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். காங்கேயம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கும் நாச்சிமுத்து. அடுத்த பதிப்பில் பில் அடிக்கும் பட்டனை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு பழையதிலேயே நின்றுவிட்டார். அந்தப் பிடிவாதத்தின் புண்ணியத்தில்தான் எங்கள் தளத்தில் விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு அவர் உடம்பைப் பற்றி விசாரிப்பேன். சொந்த மாமனாரிடம்கூட நான் அவ்வளவு பணிவாகப் பேசியதில்லை.

பிரசவத்தையும் ஒரு திருத்தமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி சாரிடம் கேட்டுப் பார்த்தோம். எந்தத் திருத்தம் எந்தக் கிளைக்குப் போகலாம் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். திருத்தம் என்றால் முதலில் பிழை, அதாவது பக், வேண்டும். கர்ப்பத்தைப் பிழை என்று ஒப்புக்கொண்டால் திருத்திவிடலாம், ஆனால் திருத்திய பிறகு வயிறு இருக்காது, குழந்தையும் இருக்காது, பிழை வருவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். சுகுணா அவரிடம் எப்போதும் புருஷனின் அண்ணனிடம் பேசுவதுபோலச் சுவரைப் பார்த்தே பேசுவாள்.

"எம் புள்ள பக் இல்லீங்க," என்று சுவரிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன மாதம் நாச்சிமுத்துவின் பிரிண்டர் மண்டையைப் போட்டது. புதிதாக வாங்கியதற்கு 4.2-ஓடு ஒத்துப்போகத் தெரியவில்லை. நான் ஒரு மதிய நேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் புதிய பிரிண்டரைச் சேர்ப்பது புதிது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை அவரே போன் செய்தார். கோவித்துக்கொள்ளக் கூடாது, வலப்பக்கமே பழகிக்கொள்கிறேன் என்றார். அம்மிணிக்குப் பிறந்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னார். ஆகட்டுங்க என்று வைத்தேன்.

பயன்படுத்த ஆள் இல்லாத கிளையை அழிக்க மாட்டார்கள், பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு யார் வேண்டுமானாலும் வந்து எங்களைப் படிக்கலாம். உள்ளே ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது, உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகாது. வளையல் உடைந்தால்கூட உடைந்ததுதான். சுகுணா இனி எந்தக் காலத்திலும் ஏழாம் மாதம்தான்.

வழி சொன்னது ஜோஸ்பின் மேடம். பூட்டுவதற்கு முன்னால் எங்கள் கிளையிலிருந்து ஒரு புதுவேலைக் கிளை பிரித்துவிட்டால், அதற்குள் புதிதாக எது வேண்டுமானாலும் நடக்கலாம். அந்த மாதிரிக் கிளைக்கு எண் கிடையாது, நடக்கப்போகும் வேலையின் பேர்தான் வைக்க வேண்டும். சுகப்பிரசவம் என்று வைக்கலாமா என்று கேட்டேன். சிசேரியன் ஆகிவிட்டால் பேர் பொய்யாகிவிடும் என்று வெறும் பிரசவம் என்று வைத்தார். கான்பரன்ஸ் அறையை அதற்கு ஒதுக்கினார்கள். மேஜைமேல் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்தோம்.

"ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்," என்றார் மேடம். "பிரிச்சா நீங்களும் பிரிவீங்க. ஒரு ஜோடி உள்ள போகும், ஒரு ஜோடி இங்கயே இருக்கும். பிரசவம் உள்ள போற சுகுணாவுக்குத்தான்."

"நாங்க எந்த ஜோடின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் சுகுணா.

"பிரிச்சதும் எங்க உக்காந்திருக்கீங்கன்னு பாருங்க."

சுகுணா கொஞ்ச நேரம் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். எந்த வயிற்றிலிருந்து வந்தால் என்ன, வந்தால் சரி என்றாள். ஆனால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மேடம் பிரித்தார்.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் சுகுணா இருந்தாள், வயிறு அப்படியே இருந்தது. அவள் ஜெராக்ஸ் எந்திரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாம இங்கதான் இருக்கோம்," என்றாள்.

நான் அழுதேன். அலுவலகத்தில் அழக் கூடாது என்று தெரிந்தும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவள்தான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

உள்ளே மிச்ச மாதங்கள் ஓடி முடிந்துவிட்டன போல, மாலை காபி வந்த சமயத்தில் கான்பரன்ஸ் அறைக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. சுகப்பிரசவம்தான். உள்ளே போன ரகுபதி, என் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் குழந்தையைக் கொண்டுவந்து சுகுணாவிடம் கொடுத்தான். அவள் உச்சி முகர்ந்தாள். வயிற்றுக்குள் இருந்தது உதைத்தது. வெளியே இருந்ததும் அதே நேரத்தில் காலை உதறியது. நான் அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்ததில்லை.

வேலை முடிந்த கிளையை அப்படியே விட்டுவைக்க முடியாது என்று மேடம் வந்து நின்றார். அதை எங்காவது இணைக்க வேண்டும். எங்கள் கிளையில் இணைக்கக் கூடாது, புதியது. மேல்தளத்தில் இணைக்கலாம், ஆனால் அங்கே இதே குழந்தை ஏற்கெனவே இருக்கிறது. ஒரே குழந்தை இரண்டு விதமாக இருந்தால், எது நிற்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் சார். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று போய்விடும்.

சார் கீழே இறங்கி வந்தார். குழந்தையை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுகுணா முதல்முறையாகச் சுவரை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ரெண்டையும் எடுத்துக்கறேன்," என்றார் சார்.

அப்படி யாரும் செய்வதில்லை, ஆனால் விதியில் இடம் இருக்கிறது என்றார் மேடம். சுகுணா குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். இணைத்து முடித்ததும் உள்ளே போன ஜோடியும் குழந்தையும் மேலே இருந்தவர்களோடு ஒன்றாகிவிட்டார்கள், கான்பரன்ஸ் அறையில் பிளாஸ்க் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் கிளையைப் பூட்டினார்கள்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தோம். கீழே ஸ்கூல் வேன் வந்து நின்றது. சார் மகிழினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீருடை, டை, ஷூ எல்லாம் சரியாக இருந்தது. கழுத்து மட்டும் இன்னும் நிற்கவில்லை. இரண்டு கைகளிலும் அவளைப் படுக்கவைத்து ஏந்தி வந்தார், ஷூ அவர் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. பால் குடித்தாளா என்று வேன் ஆயா கேட்டாள். குடித்துவிட்டாள், வீட்டுப்பாடமும் முடித்துவிட்டாள் என்றார் சார். மற்றப் பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

"கையை இன்னுங் கொஞ்சம் மேல, கழுத்துக்கடியில குடுக்கோணும்," என்றாள் சுகுணா. "அவருகிட்டச் சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன்.