சான்றுப் பொருள் எட்டு

அரசு வழக்கறிஞருக்குத் தன் வலது கைமேல் நம்பிக்கை போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. போரிலிருந்து திரும்பியவர். உடம்பில் ஒரு கீறல் இல்லை. பயம் வந்தால் மட்டும் அந்தக் கை, கொதிக்கிற பாத்திரத்து மூடி மாதிரி ஆடும். அதனால் நீதிமன்றத்தில் எப்போதும் அதில் ஒரு பேனாவைப் பிடித்திருப்பார்.

அன்று காலை பேனாவைக் கீழே வைத்தார்.

மேசைமேல் துருவேறிய கையெறிகுண்டு ஒன்று இருந்தது. சான்றுப் பொருள் அறை எழுத்தர் கொண்டுவந்து வைத்தது. அவரை எல்லாரும் ‘முடிச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தியோ சைக்கிளோ, சணல் நுழைகிற இடம் ஒன்றைக் கண்டுபிடித்து எண் சீட்டைக் கட்டிவிடுவார். பிறகு ஆண்டவனே வந்தாலும் அவிழ்க்க முடியாது. குண்டிலும் வாகாக ஒரு வளையம் இருந்தது. அதில் கட்டியிருந்தார்.

வழக்கறிஞர் குண்டை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். செயலிழக்க வைத்த குண்டென்றால் அடியில் துளை போட்டு மருந்தை எடுத்திருப்பார்கள். துளை இல்லை. குண்டை விடாமல் இடது கையால் வழக்குக் கோப்பைப் புரட்டினார். பிடிபட்டவை இரண்டு. செயலிழக்க வைத்ததற்கான சான்றிதழோ ஏழாம் எண்ணுக்கு மட்டும்; எட்டுக்கு இல்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி கேட்டார்: “இது எத்தனாவது?”

“இதோ பாத்துச் சொல்றேன் ஐயா.” முடிச்சு சீட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

‘டிக்’ என்றது. வளையம் சணலோடு முடிச்சின் கைக்குப் போயிருந்தது. அதிலிருந்த ஊசி முறிந்து, மறுபாதி குண்டுக்குள் நின்றுவிட்டது. தாங்குமா, வழுக்குமா, யாருக்குத் தெரியும்? வழக்கறிஞரின் விரல்கள் தாமாகவே பக்கவாட்டுப் பிடியை இறுக்கிக்கொண்டன. அது எழும்பினால் நாலு விநாடியில் வெடிக்கும்.

“எல்லாரையும் வெளிய அனுப்புங்க.” வழக்கறிஞர் சொன்னதும் கூடம் காலியானது. இரண்டு ஒற்றைச் செருப்புகள் மிஞ்சின.

குண்டு அகற்றுகிறவர்கள் வர ஒரு மணி நேரமாகும் என்று காவலர் வாசலிலிருந்து கத்தினார். தாழ்வாரம் முழுக்க ஜனம். அதைத் தாண்டி மைதானம்வரை குண்டோடு போக முடியாது. சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

முடிச்சு மட்டும் போகவில்லை.

“போங்க.”

“கட்டினது நான் சார்.”

“செத்துப்போவீங்க.”

“ரிட்டயர் ஆகுற வரைக்கும் சாகக்கூடாதுன்னு இருந்தேன். பாப்போம்.”

மின்விசிறி சுற்றியது. கட்டைவிரலில் தொடங்கியது நடுக்கம். இடது கையால் பொத்திப் பிடித்தார். இப்போது இரண்டும் ஆடின. வியர்வையில் இரும்பு வழுக்கியது.

“சார், சனிக்கிழமையானா ஸ்கூல் ஸ்கூலாப் போய்க் காசு வாங்காமப் பாடம் எடுக்கிறீங்களே. வெடிக்காம கிடக்கிற குண்டைத் தொடாதே, எடுக்காதே, ஓடிப்போய்ச் சொல்லுன்னு. எடுத்துட்டா என்ன பண்றது?”

“அதுக்கு மேல பாடம் இல்ல.”

வழக்கறிஞரின் சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. முடிச்சு எடுத்து அவர் காதில் வைத்தார். மனைவி.

“மதியச் சாப்பாட்டுக்கு வர்றீங்களா?”

“கையில வேலை இருக்கு.”

அவருடைய குரலைப் பத்தொன்பது வருடமாகக் கேட்டுவருகிறவள்.

“நடுங்குதா?”

“ம்.”

“நீங்க பேச வேண்டாம். நான் வைக்கல.”

குழாயை மூடுகிற ஒலி. நாற்காலியை இழுத்துப் போடுகிற ஒலி. அப்புறம் அவள் மூச்சு மட்டும். அதை எண்ணிக்கொண்டே இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஒருவழியாகக் கனத்த உடுப்பில் ஒருவர் வந்து மண்டியிட்டு, பிடியைச் சுற்றிக் கம்பியை முறுக்கினார். “மருந்து அப்படியே இருக்கு” என்று முணுமுணுத்தார். “இப்போ விடலாம் சார்.”

விரல்கள் திறக்கவில்லை.

“விடுங்க சார்.”

“விட வரலப்பா.”

முடிச்சு போனைத் தரையில் வைத்தார். அத்தனை வருட வேலையில் கட்டியதே தவிர எதையும் அவிழ்த்தறியாதவர், சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக மெல்ல நெகிழ்த்தினார். கட்டைவிரல்தான் கடைசி. உடுப்புக்காரர் குண்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

தரையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க?”

போனை அவர் வலது கையாலேயே எடுத்தார். அது அவருடைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் இடித்துக்கொண்டே இருந்தது.

“அது என்ன, டக் டக்னு?”

“கைதான்.”

“ஆடட்டும்” என்றாள் அவள். “வீட்டுக்கு வாங்க.”