மேற்குச் சுவர்

சலீம் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டை மூலை மூலையாகக் காட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கம் சவூதியில், தம்மாமில் அவர் தம்பி காஜா கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு. வாப்பா கட்டிய வீட்டை இடித்துத் திருத்திப் புதுசாக்க வேண்டும் என்பது அவனுடைய ரொம்ப நாள் ஆசை. முன்ஹால், படுக்கையறை, நடை என்று வந்த செல்போன் அடுக்களைக்குள் நுழைந்தபோது காஜாவின் மனைவி ஹைருன் பீவி பாதி உரித்த வெங்காயத்தோடு அங்கே நின்றிருந்தாள். அடுப்பு, பரண், பெண்டாட்டி, மிக்ஸி என்று வரிசையாகத் தாண்டிப்போன செல்போன் சுவரில் வந்து நின்றது.

“ஜெபஸ்டின், இந்தச் சுவருதான். அடியிலருந்து உச்சி வரைக்கும் டைல்ஸ் ஒட்டிருங்க. பளிச்சுனு இருக்கணும்” என்று, கூட வந்த கான்ட்ராக்டரிடம் சொன்னான் காஜா.

அது மேற்குச் சுவர். தென்காசிப் பக்கத்து வடகரையில் அந்தத் தெரு முழுக்க வீடுகள் கிழக்கே பார்த்தவை. பின்னால் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் மலை. ஆனால் ஒரு வீட்டிலும் மேற்கே ஜன்னல் கிடையாது. ஆனி பிறந்தால் மலையிலிருந்து இறங்குகிற சாரல் நேராக வீட்டுக்குள் வந்துவிடும் என்று தெருவே மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஹைருனின் அடுக்களையில் பட்டப்பகலிலும் பல்பு எரிந்தது. வடக்கே ஒரு கதவு உண்டு. அதைத் திறந்தால் துவைக்கிற கல்லும் பக்கத்து வீட்டு காம்பவுண்டுச் சுவரும்தான்.

பார்த்து முடித்ததும் ஆண்கள் முன்ஹாலில் போய் உட்கார்ந்தார்கள். அடுக்களையைப் பற்றிய பேச்சு முன்ஹாலில் நடந்தது. அடுக்களைக்காரி திரைக்குப் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஜெபஸ்டினைக் குறை சொல்ல முடியாது. தென்காசியில் ஆபீஸ் வைத்திருக்கும் கான்ட்ராக்டர். சலீம் வீட்டு மாடியைக் கட்டி, சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தவர், மரியாதை தெரிந்த மனிதர். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்.

“நீங்க ஒரு சாவி தாரிய, அஞ்சு மாசம் கழிச்சு நான் ஒரு சாவி தாரேன். நடுவுல வீட்டு ஆளுக யாரும் வந்து நிக்கப்பிடாது. அங்கன இடி, இங்கன மாத்துன்னு ஆளாளுக்குச் சொன்னா வேலை ஓடாது, பாத்துக்கிடுங்க.”

“அது சரிதான். ஹைருன் அதுவரைக்கும் நம்ம மாடியில இருந்துக்கிடட்டும்” என்றார் சலீம்.

“அடுக்களை மேடை ஸ்டாண்டர்டு உசரத்துக்குப் போட்டுரலாமா?” ஜெபஸ்டின் செல்போனைப் பார்த்துக் கேட்டார்.

“போட்டுருங்க, போட்டுருங்க.”

திரைக்குப் பின்னால் ஹைருன் தன் காலுக்குக் கீழே பார்த்தாள். பலகைமேல் நின்றிருந்தாள். இப்போதிருக்கும் மேடை மாமியார் உயரத்துக்குக் கட்டியது. அந்த மனுஷி பனைமரம். ஹைருன் அவருடைய தோளுக்குக்கூட எட்டமாட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் யாரோ ஒரு பலகையை நகர்த்திப் போட்டார்கள். அன்று ஏறியவள் மகள் ஆஷிகாவைப் பெற்று, வளர்த்து, கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த பிறகும் இன்னும் இறங்கவில்லை. காஜாவுக்குப் பலகையைத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் இந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் லீவு நாள். லீவில் வருகிறவனுக்குப் பிரியாணி தெரியும், பலகை எங்கே தெரியப்போகிறது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீத் தட்டோடு அவளே முன்ஹாலுக்கு வந்தாள். சலீம் கொஞ்சம் திடுக்கிட்டார்.

“மேடைய எனக்கு அளந்து போடணும். அங்கன நிக்கப்போறது நான்” என்றாள்.

ஜெபஸ்டின் எழுந்து தட்டை வாங்கிக்கொண்டார். “அக்கா, எல்லா வீட்டுக்கும் ஒரே உசரம்தான். மாடுலர் பெட்டியெல்லாம் அந்த அளவுலதான் வருது. ஒண்ணு ரெண்டு வாரத்துல பழகிரும்.”

பழகிரும். இருட்டு பழகியாயிற்று. பலகை பழகியாயிற்று. புருஷன் செல்போனுக்குள் இருப்பதும் பழகியாயிற்று. கழுதை தேய்ந்து கட்டெறும்பான பிறகும் இன்னும் எதைத்தான் பழக வேண்டும் என்கிறார்கள்.

“மேக்க ஒரு சன்னலும் வேணும்” என்றாள்.

மூன்று ஆண்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சின்னப்பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. “சாரல் மொத்தமும் வீட்டுக்குள்ள கெடக்கும்லா” என்றான் காஜா செல்போனிலிருந்து. அடுத்த வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்து எழுந்தார்கள்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயிடம் யோசனை கேட்டாள் ஹைருன். பேச்சித்தாய் கான்ட்ராக்டர் வைக்காமல் தானே ஆள் பிடித்து வீட்டைத் திருத்திக் கட்டியவள். அந்தக் கதையைக் கேட்டால் எந்த மனுஷிக்கும் கட்டுகிற ஆசை விட்டுப்போகும்.

“அத ஏன் கேக்க. நம்ம சங்கரபாண்டி கொத்தனாருக்கு ஊர்ல எத்தன அம்மன் உண்டோ அத்தன கோயில் கொடைக்கும் லீவு. சுடலைமாடனுக்குத் தனி லீவு. மச்சினி சடங்குன்னு போனவன, நான் அந்தச் சடங்கு வீட்டுக்கே போயி, மொய்யும் வச்சி, சாப்பிட்டு, கையோட கூட்டியாந்தேன். மணலு வந்தா சிமெண்டு வராது, சிமெண்டு வந்தா ஆளு வராது. ராத்திரி ஒறக்கம் கெடையாது.”

“அப்ப கான்ட்ராக்டரே நல்லதுங்கியா?”

பேச்சித்தாய் அவளைத் தன் அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேடையில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. “இங்கன வந்து நில்லு” என்றாள். ஹைருன் நின்றாள். பேச்சித்தாயும் அவளும் ஏறக்குறைய ஒரே உயரம். மேடை சரியாக இடுப்புக்கு வந்தது. கையை நீட்டினால் அடுப்பு, முழங்கையை மடக்கினால் காய் நறுக்குகிற இடம். பாதம் முழுக்கத் தரையில் இருந்தது. அடுக்களையில் தரை குளிர்ச்சியாக இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

“ஒறங்காமக் கெடந்தது எல்லாம் மறந்துபோச்சு. இது தெனமும் இருக்கு” என்றாள் பேச்சித்தாய்.

அன்று சாயங்காலமே ஹைருன் தம்மாமுக்குப் போன் போட்டாள். கான்ட்ராக்டர் வேண்டாம், தானே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். காஜா முதலில் வேடிக்கையாக எடுத்துக்கொண்டான், பிறகு நயமாகச் சொன்னான், பிறகு அவன் குரல் மாறியது.

“ஒனக்குக் கொத்தன் சித்தாள மேய்க்கத் தெரியுமா? ஏமாத்திருவானுவ.”

“ஏமாத்துனா ஏமாறுதேன் மச்சான். கான்ட்ராக்டர் கட்டித் தந்தா மட்டும் என்ன, ஆயுசுக்கும் பலகையில நின்னு ஏமாறணும்.”

“எந்தப் பலகை?”

அதை விட்டுவிட்டு, காஜா தணிந்த குரலில் சொன்னான். “நான் அங்கன இருந்தா கான்ட்ராக்டர எதுக்குத் தேடுதேன்? நான் இல்லாத எடத்துலதான அவர வைக்கேன். அது ஒனக்கு வெளங்கலையா?”

அவளுக்கு விளங்கத்தான் செய்தது. அந்த மனிதன் வெயிலில் நின்று வற்றிப்போனது அவளுக்குத் தெரியாததா. நெஞ்சு இளகிவிட்டது. சரி மச்சான், உங்க இஷ்டம் என்று சொல்ல வாயெடுத்தாள். பழகிய வாய் அல்லவா. ஆனால் வெளியே வந்தது வேறு.

“நீங்க இல்லாத எடத்துல இத்தன வருசமும் நான்தான மச்சான் இருந்தேன்.”

“என்னமும் செய்யி” என்று சொல்லிக் காஜா போனை வைத்துவிட்டான்.

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். அது ஹைருனுக்கும் தெரியும். ஆனாலும் வார்த்தை வார்த்தைதானே. நிக்காஹ்கூட ஒரு வார்த்தையில்தான் முடிந்தது. அவள் அதை அனுமதியாகவே எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சலீம் சாவி வாங்க வந்தார். ஹைருன் டீ கொடுத்தாள். பஜ்ஜியும் கொடுத்தாள். சாவியைக் கொடுக்கவில்லை.

“கான்ட்ராக்டர் வேண்டாம் பெரிய மச்சான். நானே நின்னு பாத்துக்கிடுதேன்.”

“காஜாட்டச் சொல்லியாச்சா?”

“என்னமும் செய்யின்னு சொல்லிட்டாவ.”

சலீமுக்குத் தம்பியைத் தெரியும். அந்த வார்த்தை எந்தத் தொனியில் வந்திருக்கும் என்பதும் தெரியும். டம்ளரைக் கீழே வைத்தார். “வீடு அவன் பேருல இருக்கு, ஹைருன்.”

“பேரு அவுக பேருதான். அதுல யாரு கை வச்சா? இருக்குறது நான்லா.”

“சாரல் நேரம். கொத்தனாரு பாதியில போட்டுட்டு ஓடுனா, மச்சான்னு எங்கிட்ட வந்து நிக்கப்பிடாது.”

“வரமாட்டேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவர் தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பயம்தான். பயம் இருந்தால் என்ன, பயந்துகொண்டே செய்தாலும் செய்ததுதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜெபஸ்டினுக்கு அவளே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பாதியில் நின்றால் கூப்பிடுங்கள், வந்து முடித்துத் தருகிறேன் என்றார். அவர் அவ்வளவு நல்லவராக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சங்கரபாண்டி வேலைக்கு வந்த அன்று மலை கண்ணுக்கே தெரியவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பஸ் பஸ்ஸாக ஆட்கள் தலையில் எண்ணெயோடு போய்க்கொண்டிருந்தார்கள். சங்கரபாண்டி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சாரல்ல யாராவது மேக்குச் சுவர ஒடப்பாவளா? மொதல்ல மேடைய முடிப்போம், தரைய முடிப்போம். சன்னல ஆவணியில பாத்துக்கிடலாம்.”

சரியான யோசனைதான். ஆனால் ஆவணிக்குள் என்னவெல்லாமோ நடக்கும். சலீம் நாலு தடவை வருவார். காஜா சமாதானமாகப் பேசுவான். டைல்ஸ்காரன் முழுச் சுவர்தான் அழகு என்பான். அவளே ஒரு சாயங்காலம், போகட்டும் என்று சொல்லிவிடுவாள். தன்னைத்தான் அவளுக்கு எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகம்.

“மொதல்ல இத ஒடைங்க” என்றாள்.

“பருப்பு, மல்லி எல்லாம் நனஞ்சி பூத்துரும், பாத்துக்கிடுங்க. அப்புறம் எங்கிட்டச் சண்டைக்கு வரப்பிடாது.”

“மெட்ராஸ்லருந்து துட்டுக் குடுத்து நனைய வாரான். நாம மட்டும் சுவரு வச்சி ஒளிஞ்சிக்கிடணுமாக்கும். ஒடைங்க.”

முதல் அடியில் வெள்ளைப் பூச்சு பெயர்ந்தது. வாப்பா காலத்துக் காரை, லேசில் விடவில்லை. சங்கரபாண்டி வாய்க்குள் யாரையோ திட்டிக்கொண்டே அடித்தார். ஒரு செங்கல் வெளிப்பக்கமாக விழுந்ததும் கையகலத்துக்கு வெளிச்சம் வந்து எதிர்ச் சுவரில் படிந்தது. அது விழுந்த இடத்தில் கரி எவ்வளவு அப்பியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மத்தியானத்துக்குள் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்துவிட்டது. சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு சங்கரபாண்டி, ரொம்பப் பணிவாக, நாளைக்கு ஊரில் அம்மன் கொடை என்றார். நிலை வைத்துக் கம்பி போட மூன்று நாளாவது ஆகும். அதுவரைக்கும் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போனார். பேச்சித்தாய் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, “நான் சொன்னம்லா” என்றாள். ராத்திரி துணைக்குப் படுக்க வருவதாகவும் சொன்னாள்.

அவள் போன பிறகு காற்று பலமாகி, தார்ப்பாய் ஒரு மூலையில் அவிழ்ந்து அடித்துக்கொண்டது. சாரல் உள்ளே வந்தது. துவரம்பருப்பு டப்பா நனைந்தது. தீப்பெட்டி போயிற்று. தரையெல்லாம் செம்மண் சேறு. எல்லாரும் எது நடக்கும் என்று சொன்னார்களோ அது அத்தனையும் அப்படியே நடந்துகொண்டிருந்தது. ஹைருன் டப்பாக்களை நடைக்கு மாற்றிவிட்டு, தார்ப்பாயைக் கட்டப் போனவள், கட்டாமல் மற்ற மூலையையும் அவிழ்த்தாள்.

அப்போது செல்போன் அடித்தது. காஜா. அந்தக் கோபத்துக்குப் பிறகு இப்போதுதான் கூப்பிடுகிறான். சலீம் சொல்லியிருப்பார். எடுத்ததும் முகம் வந்தது. சண்டைக்குத் தயாரான முகம்.

“சுவர ஒடச்சிட்டியாமே.”

செல்போனைத் திருப்பித் திறப்புக்கு நேரே பிடித்தாள். மேகம் சற்று விலகியிருந்தது. தென்னைகளுக்கு மேலே மலை கறுத்து நின்றது. அதன் மடிப்பில் ஓடை இறங்குகிற வெள்ளைக்கோடு.

“இது நம்ம அடுக்களையா?” என்றான் காஜா.

“ஆமா.”

“தண்ணி உள்ள வருதே. அதக் கட்டு மொதல்ல.”

“வரட்டும்.”

செல்போனைத் தன் பக்கம் திருப்பினாள். பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஈரத் தரையில் நின்றாள். அவன் இன்னும் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான். காற்றில் சரியாகக் கேட்கவில்லை. சாரல் செல்போன்மேலும் விழுந்தது. நெற்றியில் ஒரு துளி, கன்னத்தில் ஒரு துளி என்று அவன் முகம் முழுக்கத் தண்ணீர் நின்றது. அவள் அதைத் துடைக்கவில்லை.